ஊருக்கு ஊர் ஒரு லக்சா: மலேசியப் பயணக் குறிப்புகள்

ஜூலை 6, ஞாயிறு: ஜார்ஜ் டவுன், பினாங்கு

மலேசியா என்றதும் கோலாலம்பூர், பத்துமலை, கெந்திங் மலை என்று எல்லோரும் ஒரு பாதை சொல்வார்கள். நானும் அக்காவும் அதை விட்டுவிட்டோம். வடமேற்கே பினாங்கில் தொடங்கி ஈப்போ, கிளந்தான், மலாக்கா, பிறகு கடல் தாண்டி போர்னியோ தீவில் இருக்கும் சரவாக். எங்கே என்ன சாப்பாடு என்பதை வைத்துத்தான் ஊர்களைத் தேர்ந்தெடுத்தோம். நான் எதையும் சாப்பிடுவேன். அக்கா சைவம், முட்டை மட்டும் சேர்த்துக்கொள்வாள்.

இறங்கியபோது நல்ல மழை. விடுதியில் பையைப் போட்டுவிட்டு, நனைந்தபடியே நாசி கண்டார் கடை வரிசையில் போய் நின்றோம். மதியம் மூன்று மணிக்கும் வரிசை தெருவரை நீண்டிருந்தது. நீண்ட கழியின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் குழம்புப் பானை என்று தோளில் தூக்கிப்போய், துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தமிழ் முஸ்லிம்கள் விற்ற சாப்பாடு இது. இப்போது கழி இல்லை. பெரிய அலுமினியச் சட்டிகளில் மீன் தலைக் குழம்பு, கணவாய், வறுத்த கோழி, வெண்டைக்காய் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. நாம் காட்டுவதைத் தட்டில் வைத்துவிட்டு, நாலைந்து சட்டிகளிலிருந்தும் ஒவ்வொரு கரண்டியாகக் குழம்பை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சோறு மூழ்க ஊற்றுகிறார்கள். அந்தக் கலவைதான் இதன் ருசி. எந்தக் குழம்பையும் தனியாகச் சாப்பிட்டால் பாதிகூட வராது.

தென்காசி என்று சொன்னதும் கல்லாவில் இருந்த பெரியவர் எழுந்தே விட்டார். "கடையநல்லூருக்குப் பக்கம்தானே தங்கச்சி? எங்கள் அத்தா அங்கிருந்து கப்பலேறி வந்தவர்" என்றார். இந்தக் குழம்பு கடையநல்லூரில் கிடைக்குமா என்று கேட்டேன். "நான் ஊருக்குப் போனபோது வைத்துப் பார்த்தேன். வரவில்லை. இது இந்த ஊர்க் குழம்பு" என்றார். அக்காவுக்கு வெண்டைக்காய், பருப்பு, அவித்த முட்டை மூன்றையும் தனிக் கரண்டியால் எடுத்துவைக்கச் சொன்னார். இரண்டு சாப்பாடும், தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீர் இரண்டும் சேர்த்து 26 வெள்ளி. இங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். 2025 ஜூலையில் ஒரு வெள்ளி ஏறக்குறைய 20 ரூபாய்.

ஜூலை 7, திங்கள்: ஆயர் ஈத்தாம், பாலிக் பூலாவ்

இன்று பினாங்கு மாநிலத்துக்கு மட்டும் விடுமுறை. 2008இல் இதே நாளில்தான் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் ஆயின. ஊர் முழுவதும் சாப்பாட்டுக் கடைகளில்தான் இருந்தது.

கெக் லோக் சி பௌத்தக் கோயிலின் அடிவாரத்தில் ஆசாம் லக்சா சாப்பிட்டேன். லக்சா என்றால் சாற்றில் போட்ட நூடுல்ஸ்; சாறு ஊருக்கு ஊர் மாறும். கானாங்கெளுத்தி இன மீனை வேகவைத்து உதிர்த்துக் கரைத்த புளிச்சாறு, அதில் தடித்த அரிசி நூடுல்ஸ். புளிப்பு, நம் குடம்புளிக்கு நெருங்கிய சொந்தமான ஆசாம் கெலுகோர் என்ற காய்ந்த பழத்திலிருந்து வருகிறது. இஞ்சி இனத்துப் பூ ஒன்றின் சிவந்த மொட்டை நறுக்கிப் போடுகிறார்கள். மூக்கில் ஏறுகிற மணம். மேலே அன்னாசி, வெள்ளரி, வெங்காயம், புதினா. கடைசியாக ஒரு கரண்டியில் கருப்பாக, பாகுபோல, இறாலிலிருந்து காய்ச்சிய ஹே கோ. கோப்பை 7 வெள்ளி. தேங்காய்ப்பால் சொட்டுக்கூட இல்லை. முதல் வாய்க்குப் புளிப்பு அடித்தது, அடுத்ததற்கு மீன், அதற்குப் பிறகு நான் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

எங்கள் மேசையில் கேட்காமலே வந்து உட்கார்ந்த சீனப் பெரியவர் ஒருவர், நான் அந்தக் கருப்புப் பாகைத் தனியாக நக்கிப் பார்ப்பதைக் கண்டு, என் கரண்டியை வாங்கிச் சாற்றில் கரைத்துக் கொடுத்துவிட்டுத் தன் கோப்பைக்குத் திரும்பினார். ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கே மேசை யாருக்கும் சொந்தமில்லை, இடம் இருந்தால் உட்காரலாம். ஆனால் பானம் ஏதாவது வாங்கியாக வேண்டும். கடையின் உரிமையாளர் விற்பது பானம் மட்டும்; மற்ற அடுப்பெல்லாம் வாடகைக்கு நடக்கிறது. பானம் வாங்காதவர்களிடம் தலைக்கு 50 காசு வசூலிப்பதாகச் சுவரில் எழுதியிருந்தது.

மலைக்கு அப்பால் இருக்கும் பாலிக் பூலாவில் ஒரே கடையில் இரண்டு லக்சா: ஒன்று புளிச்சாறு, மற்றொன்று சயாம் லக்சா என்ற தேங்காய்ப்பால் வகை. இரண்டிலும் மீன். அக்கா ஒரு குவளைச் சாதிக்காய்ச் சாறோடு உட்கார்ந்திருந்தாள்.

இரவு சார் குவே தியோ என்ற, வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ். மரக்கரி அடுப்பில், ஒரு நேரத்துக்கு ஒரு தட்டு மட்டும் வறுத்தார் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர். நாற்பது நிமிடம் காத்திருந்தோம், யாரும் முணுமுணுக்கவில்லை. பினாங்கின் பெயர்பெற்ற உணவு வகைகளை ஒட்டுக்கடைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சமைக்கக் கூடாது என்று 2016 முதல் மாநில அரசின் விதி இருக்கிறது. அந்தப் பெருமை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெரியவரின் அடுப்புக்குப் பக்கத்தில் கற்றுக்கொள்ள ஒரு இளைஞன்கூட நிற்கவில்லை என்பது என்னை உறுத்துகிறது. விதி கையைத் தடுக்கும், கையைக் கொண்டுவராது.

டுரியான் காலம் இது. நாட்டு ரகம் கிலோ 15 வெள்ளி. விடுதிக்குள் கொண்டுவரத் தடை என்பதால் சாலையோரத்திலேயே நின்று தின்றோம். அக்காவுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்: ஈப்போ

காலையில் பரோட்டா போன்ற ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றைக் கொண்ட மலேசியக் காலை உணவுப் பழக்கத்தை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் கடையிலும் மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் ஒரே ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். "பசியாறிவிட்டீர்களா?" என்று கேட்டுத்தான் இங்குள்ள தமிழர்கள் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

ஈய வளத்தால் எழுந்த ஊர். சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள். அந்தக் குன்றுகளின் தண்ணீரால்தான் இங்கே பயறு முளை குட்டையாகவும் பருமனாகவும் வருகிறது என்கிறார்கள். கோழிக்கறியோடு தட்டு நிறைய முளையும் வரும். கடித்தால் நறுக்கென்று உடைகிறது. மார்ஜரின் சேர்த்து வறுத்த கொட்டையில் போட்ட வெள்ளைக் காப்பி எனக்குக் கொஞ்சம் இனிப்பு அதிகம். அக்கா சோயாப்பாலில் உறையவைத்த தாவ் பூ ஃபா இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். தமிழ்க் குடும்பங்கள் நடத்தும் முறுக்கு, பட்டாணி, காராச்சேவுக் கடைகள் ஊரின் புந்தோங் பகுதியில் வரிசையாக இருக்கின்றன. கச்சாங் பூத்தே என்று இங்கே பெயர்பெற்ற இந்தத் தின்பண்டங்களை வாங்க மலாய்க்காரர்களும் சீனர்களும் வண்டி நிறுத்தி இறங்குகிறார்கள். பஸ் பயணத்துக்கு அரைக் கிலோ வாங்கினோம். மறுநாள் அது மிகவும் உதவியது.

ஜூலை 9, புதன்: கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை

ஈப்போவிலிருந்து கிளந்தானின் தலைநகரான கோத்தா பாருவுக்கு பஸ். கெரிக் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எஞ்சினிலிருந்து புகை வந்தது. ஓட்டுநர் இறங்கினார், பார்த்தார், சிகரெட் பற்றவைத்தார். பயணிகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கைபேசியில் சிக்னல் இல்லை. இரண்டு பக்கமும் அடர்ந்த காடு, யானைகள் கடக்கும் இடம் என்ற அறிவிப்புப் பலகை, தூறல். மாற்று பஸ் வர நான்கு மணி நேரத்துக்குமேல் ஆனது. அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு பாட்டில் தண்ணீர்கூட வரவில்லை.

வந்ததெல்லாம் பயணிகளிடமிருந்துதான். மகன் வீட்டிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த மலாய் அம்மாள் ஒருவர் தன் கூடையைத் திறந்து, ஆறிப்போன வாழைப்பழப் பொரியலையும் மீன் அப்பளத்தையும் முன்வரிசை முதல் பின்வரிசை வரை கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் முறுக்குப் பொட்டலத்தைச் சுற்றுக்கு விட்டோம். அக்கா மீன் அப்பளத்தை மறுத்ததும் அந்த அம்மாளுக்குக் கவலை. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த தமிழ் ஆசிரியை ஒருவர் கிளந்தானில் வேலை பார்க்கிறவர். அவர்தான் எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

"புடு இல்லாமல் உங்களுக்கு எங்கள் ஊரில் சோறு எப்படி இறங்கும் என்று இந்த அம்மா கேட்கிறார், அக்கா" என்றார் ஆசிரியை. நெத்திலியை உப்பிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் சாறுதான் புடு. "நான் வேலைக்கு வந்த புதிதில் அந்த வாசனைக்கே தள்ளி உட்காருவேன். இப்போது விடுமுறையில் வீட்டுக்குப் போனால் என் பையில் ஒரு புட்டி இருக்கும். அம்மா திட்டுவார்கள். எங்கள் பள்ளியின் சீன ஆசிரியையும் மதியம் கையால்தான் சாப்பிடுகிறார், புடுவைத் தொட்டுக்கொண்டு."

இரவு ஒன்பதரைக்குக் கோத்தா பாரு. அந்த அம்மாளின் மருமகன் எங்களைத் தன் காரில் விடுதிவரை கொண்டுவந்து விட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஜூலை 11, வெள்ளி: கோத்தா பாரு, கிளந்தான்

இங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை. நபியின் முதல் மனைவியும் வணிகருமான கதீஜாவின் பெயரில் இருக்கும் பாசார் சித்தி கதீஜாவுக்கு நேற்றும் போனோம், இன்றும் போனோம். கடைக்காரர்களில் பெரும்பாலோர் பெண்கள். காய்கறிக் குவியலுக்கு நடுவே உயரமான மேடையில் உட்கார்ந்து, எட்டிக் காசு வாங்கி, எட்டிப் பொருள் கொடுக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று கண் கூசுகிறது.

நாசி கெராபு: சங்குப்பூச் சாற்றில் வெந்த நீலச் சோறு. அதன்மேல் வறுத்த தேங்காய்த் துருவல், பொடியாக அரிந்த பச்சிலைகள், பயறு முளை, உப்பு முட்டை, மீனும் தேங்காயும் அடைத்து அவித்த மிளகாய், எல்லாவற்றின் மேலும் ஒரு கரண்டி புடு. பிசைந்து ஒரு வாய் எடுத்ததும் உப்பும் புளிப்பும் பச்சை வாசமும் ஒன்றாக வந்தன. இந்தப் பயணத்தில் இதுவரை நான் சாப்பிட்டதில் இதுதான் முதலிடம். 8 வெள்ளி. வறுத்த தேங்காயிலேயே மீன் கலந்திருக்கும் என்பதால் அக்காவுக்கு நீலச் சோறு, பச்சிலை, உப்பு முட்டை, எலுமிச்சைச் சாறு என்று கடைக்காரப் பெண்மணி புதிதாக ஒரு தட்டையே உருவாக்கினார். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை இரண்டு முறை வந்து, போதுமா என்று சைகையால் கேட்டார். 4 வெள்ளிதான் வாங்கினார்.

பக்கத்தில் லக்சாம். அரிசி மாவை அகலமாக அவித்துச் சுருட்டி நறுக்கி, மேலே மீனும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வெள்ளைச் சாறு. பினாங்கு லக்சாவோடு சொந்தம் கொண்டாடக்கூடிய ஒரே அடையாளம் மீன்தான்.

கம்போங் சீனா பகுதியில் தலைமுறைகளாக வாழும் சீனக் குடும்பங்கள் கிளந்தான் மலாயைச் சரளமாகப் பேசுகின்றன. அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் கையால் சாப்பிட்டார்கள். மேசைக்கு மேசை புடு. பன்றி இறைச்சிக்கும் அதையே தொட்டுக்கொண்டார்கள். மலேசிய உணவு என்றாலே மலாய், சீனம், இந்தியம் என்று மூன்று அலமாரிகளில் அடுக்கிக் காட்டுவது வழக்கம். சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் அப்படித்தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லாமல் போய்விட்டது. பினாங்குச் சீனருக்கும் கிளந்தான் சீனருக்கும் சாப்பாட்டில் இருக்கும் தூரம், கிளந்தான் சீனருக்கும் கிளந்தான் மலாய்க்காரருக்கும் இடையே இல்லை. நாக்கை வளர்ப்பது ஊரும் அதன் தண்ணீரும் பக்கத்து வீட்டு அடுப்பும்தான்.

மாலையில் கீழும் மேலும் நெருப்பு வைத்துச் சுடுகிற ஆக்கோக். வாத்து முட்டை, தேங்காய்ப்பால், பனைவெல்லம். இனிப்பு திகட்டும், ஆனாலும் நிறுத்த முடியாது.

ஜூலை 13, ஞாயிறு: மலாக்கா

வெயில் கடுமை. ஜோங்கர் தெருவில் கூட்டம் நெரிந்தது. ஊரின் பெயர்பெற்ற கோழிச்சோற்று உருண்டை எனக்குச் சோறாகவும் இல்லை, உருண்டையாகவும் இல்லை. அரை நாள் அங்கே வீணானது.

பக்கத்துத் தெருவில் 1781இல் கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில். அதைக் கட்டியவர்கள் மலாக்கா செட்டிகள். சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகர்கள் இங்குள்ள பெண்களை மணந்து தங்கிவிட்டார்கள். 1511இல் போர்த்துகீசியர்கள் ஊரைப் பிடித்தபோதே அவர்கள் இங்கே இருந்தார்கள். இன்றும் சிவனை வழிபடும் சைவ சமயத்தினர், வீட்டில் பேசுவது மலாய். காஜா பெராங்கில் இருக்கும் அவர்களின் சிற்றூருக்குப் போனோம். வாசலில் மாவிலைத் தோரணம், திண்ணையில் மலாய்ப் பெண்களின் உடையான சாரோங் கெபாயா உடுத்திய பாட்டி. போகி நாளில் முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுவதை அவர்கள் பார்ச்சு என்கிறார்கள். அந்தப் படையலில் நாசி லெமாக்கும், தேங்காய்ப்பாலில் வைத்த பிண்டாங் மீனும் இருக்கும் என்று பாட்டியின் பேத்தி ஆங்கிலத்தில் விளக்கினாள்.

உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தது. பாசிப்பயறு, வெல்லம், தேங்காய் சேர்த்து உருட்டி மாவில் தோய்த்துப் பொரித்த கண்டா கஸ்தூரி. அக்கா ஒன்றைக் கடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் கல்யாணச் சீரில் வைக்கிற முந்திரிக்கொத்தேதான்! அக்கா தன் கைபேசியில் அம்மா செய்த முந்திரிக்கொத்தின் படத்தைத் தேடிக் காட்டினாள். பாட்டி அதை வாங்கிக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு மலாயில் கேட்டார்: "யார் செய்தது இது? எங்கள் தெருவா?" பேத்தி சொன்னதைக் கேட்டு அக்காவின் தலையில் கைவைத்தார். தட்டில் மிச்சமிருந்ததை எல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்.

இரவு கடற்கரையோரம் உஜோங் பாசிரில் போர்த்துகீசிய வம்சாவளியினரின் குடியிருப்பு. அவர்கள் சமைக்கும் டெபால் கறியில் வினிகரும் கடுகும் மிளகாயும் போட்டி போடுகின்றன. கிறிஸ்துமஸ் விருந்தில் மிஞ்சிய இறைச்சிகளைச் சேர்த்துச் செய்யத் தொடங்கிய குழம்பாம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனாலும் சோறு இன்னொரு தட்டு வாங்கினேன். அக்காவுக்குச் சொல்லிவைத்த கங்குங் கீரையில் பெலாச்சான் என்ற இறால் கட்டி போட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். முகம் சுளிக்காமல் எடுத்துப்போய் வேறு வாணலியில் பூண்டு மட்டும் போட்டு வதக்கித் தந்தார் பரிமாறிய இளைஞர்.

ஜூலை 17, வியாழன்: கூச்சிங், சரவாக்

உள்நாட்டு விமானம்தான், ஆனாலும் சரவாக்கில் கடவுச்சீட்டில் மறுபடி முத்திரை குத்துகிறார்கள். மேற்கு மலேசியாவிலிருந்து வருகிறவர்களும் வரிசையில் நிற்க வேண்டும். கடிகாரம் ஒன்றுதான்; பொழுது வேறு. பினாங்கைவிட முக்கால் மணி நேரம் முன்பே இருட்டிவிடுகிறது.

நேற்று காலை சரவாக் லக்சா. பெரும்பாலும் காலையில்தான் கிடைக்கும். பதினொரு மணிக்கெல்லாம் சட்டி காலி. மெல்லிய அரிசிச் சேமியா, இறாலும் கோழியும் கொதித்த சாற்றில் மசாலா விழுது, கொஞ்சமாகத் தேங்காய்ப்பால், மேலே நூல்போல நறுக்கிய முட்டை அடை. ஓரத்தில் எலுமிச்சையும் மிளகாய் விழுதான சம்பாலும். புளிப்பு பின்னால்தான் வருகிறது. 10 வெள்ளி.

இன்று ஒரு கடையில் மானோக் பான்சோ சாப்பிட்டேன். கோழியை எலுமிச்சைப்புல், இஞ்சி, மரவள்ளி இலையோடு மூங்கிலுக்குள் அடைத்து நெருப்பில் வாட்டும், சரவாக்கின் பழங்குடிகளான இபான் மக்களின் சமையல். மேசையில் மூங்கிலைச் சாய்த்ததும் தெளிந்த சாறு ஓடிவந்தது. மசாலா எதுவும் இல்லை. மூங்கிலின் வாசமும் இலையின் மெல்லிய கசப்பும் போதுமாக இருந்தன. அக்காவுக்கு மிடின் என்ற காட்டுப் பெரணித் துளிர், பூண்டு போட்டு வதக்கியது. சுருண்ட நுனி வாயில் மொறுமொறுவென்று உடையும். அதை அவள் மூன்று வேளையும் கேட்டாள். எலுமிச்சையில் ஊறிய பச்சை மீனான உமாய் எனக்கு ஒத்துவரவில்லை. கீழே தென்னைவெல்லம்போல் கறுத்த நீபா பனைப்பாகு, நடுவில் பால், மேலே தேநீர் என்று மூன்று அடுக்காக வரும் தே சி பெங், வெக்கைக்கு அமுதம். யுனெஸ்கோ 2021இல் கூச்சிங்கை உணவுக்கலை நகரமாக அறிவித்ததில் எனக்கு எந்த வியப்பும் இல்லை.

பினாங்கிலிருந்து இதுவரை எந்த ஊர் லக்சாவையும் அக்காவால் தொட முடியவில்லை. விடுதிப் பெண் சொல்லி, சீனர்கள் நடத்தும் சைவக் கடை ஒன்றுக்குப் போனோம். இறால் இல்லை, கோழி இல்லை. காளான் கொதித்த சாறு, பொரித்த சோயாக்கட்டி, அதே மசாலா விழுது, அதே எலுமிச்சை. 8 வெள்ளி. அக்கா பேசவே இல்லை. கோப்பையைத் தூக்கிச் சாற்றைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். "எந்த ஊர் லக்சா நல்லது?" என்று கடைக்காரர் கேட்டார். நான் பினாங்கு என்றேன். அவர் பதில் சொல்லும் முன்பே அக்கா, "இவள் பேச்சைக் கேட்காதீர்கள் அண்ணே" என்று தமிழில் அவரிடம் முறையிட்டாள். விமான நிலையத்திலும் அந்த வழக்கு தீரவில்லை.